பெயர் மாறினால் மருந்து மாறுமா?

"மருத்துவர் நல்ல மருந்தைத்தான் எழுதினார், காப்பீட்டுக்காரன்தான் மலிவானதைத் தள்ளிவிட்டான்." அமெரிக்கத் தமிழர் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் இம்முறையீட்டை நானும் எழுப்பியவனே. சில ஆண்டுகளுக்கு முன் வேலை மாறியபோது, புதிய காப்பீட்டு நிறுவனம் என் இரத்த அழுத்தத்துக்கான நோர்வாஸ்க் மாத்திரைக்கு வழக்கமான கோ-பே செல்லாது என்றது. ஏழு மாதங்கள் விலை வேறுபாட்டைக் கைப்பணத்திலிருந்து கட்டினேன். பொறியியல் படித்தும் புட்டியின் மேலிருந்த பெயருக்கு அப்பால் நான் படிக்கவில்லை!

நோர்வாஸ்க்கின் உள்ளிருப்பது அம்லோடிபின். 2007-இல் காப்புரிமைத் தடை நீங்கியபின் பல நிறுவனங்கள் அதையே தயாரிக்கின்றன. அதே மருந்து அதே அளவில் இரத்தத்தில் கலக்கிறது என மெய்ப்பிக்காமல் இத்தகைய ஜெனரிக் மருந்துக்கு அனுமதி கிடையாது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழி இது. 1996 முதல் 2007 வரை நடந்த 2,070 ஆய்வுகளை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொகுத்துப் பார்த்தபோது, உடலில் சேரும் அளவில் கண்ட சராசரி வேறுபாடு ஏறத்தாழ 3.5 விழுக்காடே. ஆகவே இவ்விதியில் காப்பீட்டு நிறுவனத்தின் பக்கமே நியாயம் உள்ளது. (இதை எழுத என் கை சற்றுக் கூசுகிறது.)

நாம் சினங்கொள்ள வேண்டிய இடம் வேறு. லோசார்டான் எழுதப்பட்டவரிடம், "முதலில் லிசினோபிரில் உட்கொண்டு பாருங்கள்" என ஒரு திட்டம் கூறினால், அது பெயர் மாற்றமன்று, மருந்தே வேறு. லிசினோபிரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். என் நண்பர் ஒருவர் இருமல் தாங்காமல் எவரிடமும் சொல்லாது மாத்திரையை நிறுத்தினார். மூன்றே வாரங்களில் அவசரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மருத்துவரிடம் அன்றே கூறியிருந்தால், காரணம் எழுதி விதிவிலக்குக் கோரியிருப்பார். மெடிகேர் மருந்துத் திட்டங்கள், மருத்துவரின் விளக்கம் கிடைத்த 72 மணி நேரத்துக்குள் முடிவு கூற வேண்டும். உயிருக்கு இடரெனில் 24 மணி நேரம்.

மருந்தகத்தில் புட்டி மாறியிருந்தால், "இதன் உள்ளிருக்கும் மருந்து பழையதேதானா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆம் எனில் வாங்கி வாருங்கள். பழைய புட்டியில் மிச்சமிருப்பதையும் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள். இல்லையெனில் மருத்துவரை அழையுங்கள்.

இளையோருக்கு ஒன்று. அடுத்த ஆண்டுக்கான மருந்துப் பட்டியல் மாற்றம் இலையுதிர்காலத்தில் மடலாக வரும். ஆங்கிலத்தில் இருப்பதால் அம்மா அதைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் வைத்திருப்பார். எடுத்துப் படித்துச் சொல்லுங்கள்.