சாவி யார் கையில்?

சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820-களில். சேலம் கலெக்டர் காக்பர்ன் துரை கொண்டுவந்தார். துரை போனார், துரைத்தனமும் போயிற்று. இன்றைக்கும் ஏர்க்காட்டுப் பனியில் நனைந்து பழம் பறிப்பவள் நம் தாய். அந்தக் காப்பியின் விலையை ஆட்டிவைப்பதோ நியூயார்க் சந்தை! இது பழைய கதை, தோழர்களே. புதுக் கதை ஒன்று உண்டு.

ஏர்க்காட்டு மலைவாழ் மக்கள் இன்று பழங்குடிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடுகிறார்கள். விண்ணப்பத்துக்காக இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை, மகிழ்கிறோம். பட்டா, சிட்டா, சான்று எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. பெட்டி நம்முடையது. பெட்டியை இயக்கும் மென்பொருளின் சாவி யாருடையது?

வீண் பயம் என்பார் சிலர். 2025 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். குஜராத்தின் வாடினாரில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் அதில் ஏறத்தாழப் பாதிப் பங்குக்காரர் என்பது காரணம். உடனே அமெரிக்க மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்திற்று. காசு கட்டியிருந்தும் கதவு அடைபட்டது! நயாரா டில்லி உயர்நீதிமன்றப் படியேறிற்று. அதன் பிறகே சேவை திரும்பிற்று. சட்டம் ஐரோப்பாவில், கம்பெனி அமெரிக்காவில், அவதி இந்தியாவில்! எண்ணெய்க் கம்பெனிக்கு வழக்காட வக்கீல் உண்டு. மலைக் கிராமத்தானுக்கு யார் உண்டு?

வேடிக்கை என்னவென்றால், தடை போட்ட ஐரோப்பாவே அமெரிக்கச் சாவிக்கு அஞ்சுகிறது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 30,000 அரசுக் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் ஆபீசை நீக்கி, லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை வைக்க 2024-இல் முடிவெடுத்தது. கட்டற்றது என்றால், அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். நம் கணினியில் இருப்பதை எந்தக் கம்பெனியும் பூட்டிவிட முடியாது. எளிய வேலை அல்ல இது. மியூனிக் நகரம் 2003-இல் இதே வழியில் புறப்பட்டு, 2017-இல் பின்வாங்கிற்று.

நமக்கு இது புதிதா? 2007-இலேயே எல்காட் தன் அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. அதே ஆண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு பாஸ் லினக்சை வெளியிட்டது. மாணவருக்கு வழங்கிய இலவச மடிக்கணினியிலும் பாஸ் இடம்பெற்றது; பக்கத்திலேயே விண்டோசும் உட்கார்ந்திருந்தது. பிள்ளை எதைத் திறந்திருப்பான்? சொல்லவும் வேண்டுமா!

பழுது பார்க்க ஆள் எங்கே என்று அதிகாரிகள் கேட்பார்கள். பொறியியல் பட்டத்தோடு பெங்களூருக்குப் பஸ் ஏறும் சேலத்து இளைஞனைக் கேளுங்கள்! உரிமக் கட்டணமாகக் கடல் கடக்கும் பணத்தில் அவனுக்குச் சம்பளம் தரலாம். அடுத்த கணினிக் கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளியிலேயே அரசு இதை எழுதட்டும். முதல் வெள்ளோட்டம் ஏர்க்காடு தாலுகா அலுவலகத்தில் நடக்கட்டும்.