டிசைனரைக் கூப்பிடும் முன் ஒரு பாடக்குறிப்பு எழுதுங்கள்



"புது ஃப்ளாட் வாங்கியிருக்கோம் டீச்சர், இன்டீரியர் டிசைனர் வைக்கலாமா?" என்று இந்த வருடம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

தாராளமாக வையுங்கள். அதெல்லாம் பணக்காரர்கள் செய்கிற வேலை என்று சொல்லும் உறவினர்களின் கருத்து எனக்கு ஏற்பில்லை. 800 சதுர அடிக்குள் ஐந்து பேர் இருக்க வேண்டிய வீட்டுக்குத்தான் யோசித்து இடம் ஒதுக்கும் ஆள் அதிகம் தேவை. ஆனால் அந்த வீட்டில் யார் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களைப் பாடக்குறிப்பு எழுதவைத்தே கை ஓய வைத்துவிடுவார்கள். எந்த வகுப்பு, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், என்ன துணைக்கருவி வேண்டும் என்று எழுதிய பிறகுதான் வகுப்புக்குள் போக வேண்டும். வீட்டு வேலைக்கும் அதே முறைதான்.

தாம்பரம் பக்கம் என் மகள் ஃப்ளாட் வாங்கியபோது வந்த டிசைனர் சின்னப் பெண், கெட்டிக்காரி. லேப்டாப்பில் படம் காட்டினார். பெரிய ஓட்டல் மாதிரி அழகாக இருந்தது. தரையோடு ஒட்டிய சோபா. சம்பந்தியம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். துணி காயப்போடும் பால்கனியில் ஊஞ்சல். கிரைண்டருக்கு இடமே இல்லை.

நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காலையில் முதலில் எழுவது யார், மாவு எங்கே அரைப்பது, பேரன் எங்கே உட்கார்ந்து படிப்பான், பாட்டி இரவில் எத்தனை முறை பாத்ரூம் போவார், இப்படி ஒரு பக்கம். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. "இதெல்லாம் யாரும் சொல்லவே மாட்டாங்க ஆன்ட்டி" என்றார். அடுத்த வாரம் புது வரைபடம் வந்தது. 18 அங்குல உயரத்தில் கை வைத்த நாற்காலி, பாத்ரூம் சுவரில் பிடிமானக் கம்பி, படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை சின்ன இரவு விளக்கு. வாடகை வீட்டில் இரண்டு நாள் தங்கவே சிரமப்பட்ட சம்பந்தியம்மா இப்போது மாதக்கணக்கில் மகனோடு இருக்கிறார்.

அடுத்தது கணக்கு. "ஃபுல் இன்டீரியர் இத்தனை லட்சம்" என்று ஒரே வரியில் தரும் எஸ்டிமேட்டை வாங்காதீர்கள். பொருள் வாரியாகக் கேளுங்கள். 6 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள அலமாரி 42 சதுர அடி. சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 63,000 ரூபாய். மேலே 2 அடி லாஃப்ட் சேர்ந்தால் இன்னும் 12 சதுர அடி, அதற்கு 18,000. முன்பக்கத்தை மட்டும் அளக்கிறார்களா, உள்தட்டுகளுக்குத் தனிக் கணக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாதி சண்டை அங்கேதான் வருகிறது.

பிளைவுட் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஐ.எஸ். 303 என்பது சாதாரண ஈரம் தாங்கும் ரகம், படுக்கையறை அலமாரிக்குப் போதும். சிங்க் அடியில் ஐ.எஸ். 710, அதாவது மரைன் பிளைவுட் போடச் சொல்லுங்கள். பலகை வந்து இறங்கியதும் லேமினேட் ஒட்டும் முன் முத்திரையை நீங்களே பாருங்கள். ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒரே மாதிரிதான் தெரியும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள், கடைசித் தவணையைக் கதவு, டிராயர் எல்லாம் திறந்து மூடிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

வீட்டுக்கடன் 20 வருடம் கழுத்தில் இருக்கும்போது ஃபால்ஸ் சீலிங்குக்காக அதைவிட அதிக வட்டியில் தனிநபர் கடன் வாங்காதீர்கள். சமையலறை, பாத்ரூம், அலமாரி முதலில். டிவி சுவர் அலங்காரம் இரண்டு வருடம் கழித்தும் செய்யலாம்.

படம் பார்த்து மயங்கும் முன் வீட்டில் எல்லோரும் ஒருநாள் உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள். பாட்டி, தாத்தா, குழந்தைகள் எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன். இந்த முறை மதிப்பெண் போடமாட்டேன், பயப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்