சில்லு நிலத்தில் நிற்கட்டும், பிறகு இறுக்குங்கள்

மொன்றியலில் மார்ச் முடிந்தால் வசந்தம் வருகிறதோ இல்லையோ, றோட்டில் குழி வந்துவிடும். இங்கத்தைய பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'நி து பூல்', கோழிக்கூடு. பகலில் உருகும் நீர் தார் வெடிப்புக்குள் இறங்கும், இரவில் உறைந்து விரிந்து றோட்டைப் பெயர்க்கும். அந்தக் குழிகளின் அடியை வாங்குவது டயரும், ஷொக் அப்சோபரும், அவற்றோடு பூட்டியிருக்கும் ரப்பர் புஷ்களும்தான்.

போன வருடம் மகளின் பழைய காருக்குப் பின்பக்க ஷொக் இரண்டையும் மாற்றினோம். "எங்கட ஆள்தானே" எண்டு காசாகவே கொடுத்தேன். பில் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஆகவில்லை, "அப்பா, பள்ளத்தில விழுந்தா பழைய கட்டில் மாதிரி கிறீச்சிடுது" என்றாள். வேறொரு கராஜில் தூக்கிப் பார்த்தால் புதுப் புஷ் கிழிந்திருக்கிறது. "சாமான் நல்ல சாமான் அண்ணை. காரைத் தூக்கி வைச்சபடியே இறுக்கியிருக்கினம்" என்றார் அந்தத் தம்பி.

விஷயம் இதுதான். பெரும்பாலான புஷ்களில் நடுவில் ஓர் இரும்புக் குழாய், வெளியே இன்னொரு குழாய், இரண்டையும் ஒட்டிப் பிடித்தபடி இடையில் ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் அசையாது. அதற்குப் பிறகு சில்லு ஏறி இறங்கும்போதெல்லாம் முறுகிக் கொடுப்பது ரப்பர்தான். லிஃப்டில் கார் நிற்கும்போது சில்லுகள் கீழே தொங்கும். அந்த நிலையில் இறுக்கினால், காரை இறக்கிய நொடியே ரப்பர் முறுகிவிடும். ஓடாமல் நிற்கும்போதும் முறுகியபடியே நிற்கும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தவன் நிலை அது.

சரியான முறை கடினமில்லை. போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக விட வேண்டும். பிறகு காரை இறக்கியோ, கீழ்க் கைக்கு ஜாக் கொடுத்தோ, கார் தன் பாரத்தில் வழமையாக நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன்பின் டோர்க் ரென்ச்சால், கொம்பனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். ஷொக்கின் மேல்நுனியில் வொஷரோடு வரும் ரப்பரையும் சப்பளியும்வரை நெரிக்கக்கூடாது. நெரித்தால் அதற்கு அதிர்வை உள்வாங்க இடமே இருக்காது.

இதற்கு மேலதிகமாகத் தேவை சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்கள்கூட ஏன் கிடைப்பதில்லை? குற்றம் முழுவதும் மெக்கானிக்கின் தலையில் இல்லை. பத்து டொலர் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதும், "கெதியா தாங்கோ, வேலைக்குப் போகவேணும்" எண்டு தலைமாட்டில் நிற்பதும் நாங்கள். கராஜ் முதலாளிமாரும் வேலையை நேரக் கணக்கில் அளந்து, அவசரத்தையே திறமை என்று இளம் பெடியளுக்குப் பழக்குகிறார்கள்.

காசாகக் கொடுத்தால் மலிவு என்பது எங்கள் கணக்கு. கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கார் திருத்த வேலைக்கு 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்துத்தான். கழற்றிய பழைய சாமானைத் தரும்படி வேலை கொடுக்கும்போதே கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் பில் இல்லாமல் நான் எதைக் காட்டிக் கேட்பது? இரண்டாம் தரமும் என் சட்டைப்பைதான் காலியானது.

தனியார் கார்களுக்கு வருடாந்தக் கட்டாயப் பரிசோதனை கியூபெக்கில் இல்லை. ஆனால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், வருடத்தில் இரண்டு தரமாவது எங்களில் பலரின் சில்லுகள் கழலும். அந்த நேரத்தில் புஷ்களையும் ஒருக்கா பார்க்கச் சொல்லுங்கள். எங்கட ஆளிடமே போங்கள், நானும் போகிறேன். பில்லை மட்டும் வாங்குங்கள்.

போன மாதம் மகள் தானே கராஜுக்குப் போனாள். திறப்பைக் கொடுக்குமுன் பிரெஞ்சில் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "காரை இறக்கின பிறகுதானே கடைசியா இறுக்குவீங்கள்?" மெக்கானிக் சிரித்துவிட்டு ஓம் என்றாராம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.