பிரஜா உரிமைத் துறவு

மண், பெண், பொன் என்னும் மூவாசைகளையும் விட்டவரைத் துறவி என்பது நம் நாட்டு வழக்கம். பிரஜா உரிமையை விடுவதும் ஒருவகைத் துறவுதான். ஆனால் காவி உடுத்த துறவி தமக்கு மட்டுமே உடுத்துகிறார். இவரோ தம் குழந்தைக்கும் சேர்த்து உடுத்திவிடுகிறார்.

1955-ஆம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவின்படி, வயது வந்த இந்தியர் ஒருவர் எழுதிக் கொடுக்கும் துறவுப் பிரகடனம் பதிவானதும் அவருடைய உரிமை நீங்குகிறது. அவருடைய மைனர் குழந்தைகளின் உரிமையும் உடன் நீங்குகிறது. ஆயினும் சட்டம் இரக்கமற்றதன்று. அக்குழந்தை 18 வயது நிரம்பி ஒரு வருஷத்துக்குள் விருப்பந் தெரிவித்தால், மறுபடியும் இந்தியப் பிரஜையாகலாம்.

9-வது பிரிவு வேறு வகை. அயல்நாட்டுப் பிரஜா உரிமையை மனமுவந்து பெற்ற கணமே, பிரகடனம் ஏதுமின்றி, இந்திய உரிமை தானே அற்றுப்போகிறது. இவ்வாறு இழந்தவரின் பிள்ளைகளுக்கு 8-வது பிரிவிலுள்ள திரும்பும் வழி கிடையாதென்று 2024-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சிங்கப்பூர்ப் பிரஜைகளாகிவிட்ட பெற்றோரின் மகனுக்குச் சென்னை ஹைகோர்ட்டில் கிடைத்த சாதகமான தீர்ப்பு அத்துடன் ரத்தாயிற்று.

ஓ.ஸி.ஐ. கார்டு இருக்கிறதே என்பீர்கள். வந்து போகவும் வசிக்கவும் அது உதவும். ஆனால் வோட்டு இல்லை. சட்டசபை ஸ்தானம் இல்லை. விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவும் இயலாது.

அயல்நாடு சென்று பிழைப்போரை நாம் குறை கூறவில்லை. கையெழுத்திடுமுன் குழந்தையின் முகத்தையும் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.