ஒற்றன் வீட்டு ரகசியம்: பிள்ளைகளைக் காப்பது உண்மையா, மறைப்பா?

பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் பெற்றோர் உண்மையை மறைக்கலாமா? 2019-இல் தொடங்கிய ‘தி ஃபேமிலி மேன்’ தொடர் ரசிகர்களிடையே எழுப்பிய கேள்வி இது.

ராஜ் - டிகே உருவாக்கிய இத்தொடரில் மனோஜ் பாஜ்பாய் உளவு அதிகாரி ஸ்ரீகாந்த். பிள்ளைகளுக்கோ அவர் சாதாரண அரசு ஊழியர். மனைவி சுசித்ராவாகப் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த பிரியாமணி நடித்துள்ளார். 2021-இல் வெளியான இரண்டாம் பாகத்தில், பெயரை மாற்றிப் பழகிய இளைஞனை நம்பி மகள் த்ருதி கடத்தப்படுகிறாள். தந்தையின் எதிரிகளைப் பற்றி அவளுக்கு எச்சரிக்கையே இல்லை.

இதற்கு மறுதுருவம், இடுக்கி மாவட்ட ராஜாக்காட்டைக் கதைக்களமாகக் கொண்ட ‘த்ரிஷ்யம்’ (2013). மோகன்லாலின் ஜார்ஜ்குட்டி, மூத்த மகளைக் காக்க மனைவி, மகள்கள் அனைவரையும் ரகசியத்தில் பிணைக்கிறார். விசாரணையில் அடிதாங்காத இளைய மகள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். உடலை வேறிடத்துக்கு மாற்றியதை மட்டும் அவர் வீட்டாரிடமும் மறைத்திருந்ததால் குடும்பம் தப்புகிறது.

முழு மௌனம் பிள்ளையை ஆபத்தில் தள்ளியது; முழு உண்மை பிள்ளையின் வலிமைக்கு மீறிய சுமையானது. ஆக, தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவு உண்மை பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்; அந்த அளவை அறிவதே பெற்றோருக்கான சோதனை.