கருக்கட்டிய முறையும் பிறப்பு நிறையும்

பொகவந்தலாவையிலிருந்து பிள்ளைக்காக வைத்தியம் தேடிப் புறப்படும் தம்பதியர் ஹட்டன் வந்து, அங்கிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போகிறார்கள். நாட்சம்பளத்தை இழந்து, நகையை அடகு வைத்துச் செய்யும் வைத்தியம் அது. கரு தங்கிய பின் தாய் ஊர் திரும்பிவிடுகிறாள். அவளையும் பிறக்கும் பிள்ளையையும் அதன்பின் வருடக்கணக்கில் பார்ப்பது பிரதேச வைத்தியசாலையும், தோட்ட டிஸ்பென்சரியும், லயம் லயமாக ஏறி இறங்கும் மருத்துவமாதுவும்தான். ஆகவே, வெளிக்கருக்கட்டலில் பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் கூடுதலாக வருமா என்ற கேள்விக்கு இங்கே பணிபுரியும் நாமும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

2008இல் நெதர்லாந்தில் சீலன் குழுவினர், இம்முறையில் பிறந்த 8 முதல் 18 வயதுவரையான 225 பேரை, கருத்தரிக்கச் சிரமப்பட்ட பெற்றோருக்குச் சிகிச்சையின்றிப் பிறந்த 225 பேரோடு ஒப்பிட்டார்கள். இம்முறையில் பிறந்தோருக்கு மேல் அமுக்கம் 109, மற்றவர்களுக்கு 105. வெறும் வயிற்றுச் சீனி 5.0 மில்லிமோல், மற்றவர்களுக்கு 4.8. சிறிய வித்தியாசம்தான். ஆனால் பெற்றோரின் கருத்தரிப்புக் குறைபாடு இருபுறமும் இருந்ததால் அதை அலட்சியம் செய்ய முடியவில்லை. 2012இல் சுவிட்சர்லாந்தில் ஷெரர் குழு, சுகதேகிகளான இப்பிள்ளைகளின் நாடிகள் விரியும் ஆற்றல் குறைந்திருப்பதைக் காட்டியது. பிறகு 2023இல் ஐரோப்பா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் 14 ஆய்வுகளைச் சேர்த்து, 35,000க்கும் மேற்பட்டோரை எல்ஹக்கீம் குழு ஆராய்ந்தது. அமுக்கம், கொழுப்பு, சீனி எதிலும் கவலைப்படத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர்களில் முழு வளர்ந்தோர் குறைவு என்பதால் கதவு மூடப்படவில்லை. ஆனாலும் பயந்து வரும் தாயிடம் இந்த ஆறுதலை நாம் தயங்காமல் சொல்லலாம்.

முறை முற்றிலும் தடம் பதிக்காதது என்றும் சொல்லிவிட முடியாது. கருக்கட்டிய முதல் நாட்களில் மரபணுக்கள் மீதான மீதைல் குறிகள் அழிந்து மறுபடி இடப்படுகின்றன. முளையம் ஆய்வுகூட வளர்ப்பூடகத்தில் இருப்பதும் அந்த நாட்களில்தான். ஊடகம் மாறியதும் பிறப்பு நிறை மாறியதை 2010இல் மாஸ்ட்ரிக்ட் ஆய்வு காட்டியது. உறையவைக்காமல் வைத்த முளையத்தின் பிள்ளை நிறை குறைந்தும், உறையவைத்ததன் பிள்ளை கூடியும் பிறக்கும் போக்கு உண்டு. உறையவைத்த முளையத்தால் கருத்தரித்த தாயின் அமுக்கத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

மலையகத்தில் எனக்குப் பெரிய கவலை இரட்டைப் பிள்ளைகள். 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 17 சதவீதம், தோட்டங்களில் ஏறக்குறைய 32. எடை குறைந்த தாய், இரத்தச்சோகை, கொழுந்துக்கூடையோடு மேடேறும் வேலை என்று ஏற்கெனவே குறுகிய கருப்பைச் சூழலில் இரண்டு முளையங்களை வைப்பது, குறைமாதத்தையும் குறைநிறையையும் நாமே வரவழைப்பதாகும். நிறை குறைந்து பிறந்தாலும் நம் பிராந்தியக் குழந்தைகள் கொழுப்பை மட்டும் குறையாமல் வைத்திருப்பதைப் புனேயில் ஆய்வாளர் யாஜ்னிக் காட்டினார். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாப்பாலும் சீனியும் ஊட்டிச் சீக்கிரம் பருக்கவைத்தால் நீரிழிவுக்கான பாதை அங்கேயே தொடங்குகிறது. இரண்டு பிள்ளை ஒரே செலவில் கிடைத்ததென்று குடும்பம் மகிழ்வதை நான் குறை சொல்ல மாட்டேன். முளையம் வைக்குமுன் ஆபத்தை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லாததுதான் குறை.

நம் கையிலேயே குளோமிபீன் இருக்கிறது. சூல் முட்டைகளைத் தூண்டும் அந்த மாத்திரையும் இரட்டையரைத் தரும். ஸ்கேன் பார்க்க வழியில்லாத இடத்தில் அதை எழுதுவது சரியல்ல. சிகிச்சைக்கு அனுப்புமுன் ஹீமோகுளோபின், நிறை, சீனி ஆகியவற்றைச் சரிசெய்து அனுப்புவோம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்குச் சீனிப் பரிசோதனை கட்டாயம்.

கருத்தரித்த முறையைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதலாமா? வேண்டாம் என்பேன். அந்தப் புத்தகம் பலர் கைக்குப் போகும். லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீடு. தாயின் சம்மதத்தோடு மருத்துவமாதுவின் கோப்பில் மட்டும் இருக்கட்டும். சிகிச்சை நிலையங்களிடம் கேட்க வேண்டியது சிறிய விபரம்: எத்தனை முளையம் வைத்தார்கள், உறையவைத்ததா இல்லையா. இவ்விரண்டும் தாயின் விடுகைத் துண்டில் இருந்தால், ஐந்து வயதில் அமுக்கம் அளக்க வேண்டிய பிள்ளை யார் என்பதைப் பொகவந்தலாவையிலேயே தீர்மானிக்கலாம்.