விடுதிப் பிள்ளைகளும் சனி தோஷமும்



ஆரணியில் பட்டுத்தறி நெய்பவர் ஒருவர் தம் பிள்ளையை வெளியூர்க் காலேஜ் விடுதியில் கொண்டுபோய் விட்டதும் தம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறார். பிறகு பிள்ளை உடல் மெலிந்து, பேச்சுக் குறைந்து, படிப்பில் பின்தங்கினால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார். அவன் ஏழரைச் சனி என்று சொல்லிவிட்டால், எள் விளக்கும் தாயத்தும் தயார். பிள்ளையை மாத்திரம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

நாம் கேட்கிறோம்: பிள்ளையைப் பிடித்தது சனியா, அல்லது கண்ணுக்குத் தெரிகின்ற காரணங்களா?

விடுதிப் பிள்ளைக்கு வருஷம் முழுவதும் ஒரே கஷ்டம் அல்ல. சேர்ந்த புதிதில் வீட்டு ஏக்கம், விளங்காத இங்கிலீஷ், மூத்த மாணாக்கர் தொல்லை. 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணாக்கர் நாவரசு கொல்லப்பட்ட பிறகல்லவா, 1997-ல் நம் மாகாணத்தில் ராகிங் தடைச் சட்டம் வந்தது!

ஆடியில் சாப்பாட்டுக் கட்டணம் நெருக்கும். வீட்டிலோ, ஆடி கல்யாணத்துக்கு ஆகாது என்ற பஞ்சாங்கப் பித்தலாட்டத்தால் முகூர்த்தப் புடவை வியாபாரம் மந்தம். ஐப்பசி, கார்த்திகையில் செமஸ்டர் பரீட்சை வரும். அப்போதுதான் மழையில் தெருவில் பாவு நீட்ட முடியாமலும், தறிக்குழியில் நீர் ஊறியும் வீட்டில் வேலை நிற்கும். பரீட்சை முடிவு வந்தால், தோற்ற பையனுக்கு வசவு. தோற்ற பெண்ணுக்கோ படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை தேடுதல். இவற்றில் சனிக்கு என்ன வேலை?

இவ்வளவுக்கும் மேல் “நீ என்ன ஜாதி?” என்ற கேள்வி வேறு. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்ததை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி செய்தது 1924-25-ல். 2018-லோ, சென்னை ஐ.ஐ.டி. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் சைவ உணவினருக்குத் தனி வாசல் என்று எழுதி ஒட்டப்பட்டது. பந்தியிலேயே பிரிக்கப்படும் பிள்ளைக்குப் படிப்பில் மனம் எப்படிச் செல்லும்?

நிற்க, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணாக்கர் உள்ள கல்வி நிலையங்கள் மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. உத்தரவு தானாக நடந்துவிடாது. “எங்கள் பிள்ளையின் காலேஜில் அப்படி ஒருவர் இருக்கிறாரா?” என்று பெற்றோர் நேரில் சென்று கேட்க வேண்டும்.

நம் தோழர்களுக்கும் வேலை உண்டு. ஆடியில் சாப்பாட்டுப் பணத்துக்கு வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுங்கள். ராகிங் என்றால் புகார் எழுதித் தகப்பனாருடன் கூடவே செல்லுங்கள். மழைக்காலத்தில் ஒருவர் விடுதிக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து வாருங்கள். பரீட்சை முடிவு வருகிற அன்று ஜோசியனுக்கு முன் நாம் அவ்வீட்டில் இருக்க வேண்டும். மனம் உடைந்த பிள்ளை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம். இதில் வெட்கம் எதற்கு? சுரத்துக்கு வைத்தியரிடம் போவது போன்றதே இதுவும்.

தாயத்துக்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்ளுகிறவர்கள், அதே ஒரு நாளைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, “என்னப்பா கஷ்டம்?” என்று கேட்பதில் செலவிடக்கூடாதா? யோசித்துப் பாருங்கள்.